எல்லோருக்கும் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை

கேள்வி:

ஐயா, நான் நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவர் வீட்டார் பெந்தெகொஸ்தே. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சபைக்குத்தான் போகிறேன். பாட்டு முடிந்ததும் கீபோர்டு மட்டும் மெதுவாக ஓடும். சபை முழுக்க ஒரே நேரத்தில் அந்நியபாஷையில், அதாவது யாரும் கற்றுக்கொள்ளாத, கேட்பவருக்குப் புரியாத பாஷையில், பேச ஆரம்பித்துவிடும். பாஸ்டர் மைக்கிலேயே பேசுவார். யாரும் அர்த்தம் சொல்வதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்பேன். போன மாதம், ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்தில் ஒரு சகோதரி என் தாடையைப் பிடித்து அசைத்து, "அல்லேலூயாவை விடாம வேகமா சொல்லு, நாக்கை ஆவியானவர்கிட்ட விட்டுடு" என்றார். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஏதோ பாவத்தடை இருக்கிறது, அபிஷேகம் பெறும்வரை பாட்டுக் குழுவில் நிற்க வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு இதெல்லாம் வெறும் உளறலாகத்தான் படுகிறது. ஆனால் என் மாமியார் விடியற்காலையில் அந்நியபாஷையில் ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர் வேஷம் போடுகிறவர் அல்ல. ஆராதனையில் இதற்கு என்னதான் நோக்கம்? நான் ஆவியில்லாதவளா? பேசாமல் நானும் எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாமா? பதிமூன்று வயது மகளும் வாலிபர் முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து பேச ஆரம்பித்திருக்கிறாள். மனசு கலங்கிக் கிடக்கிறது. (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஒப்பேற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் உடனே பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். நாலு சத்தத்தை உருட்டிவிட்டால் அன்றைய சங்கடம் தீரும். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள், பாட்டுக் குழுவிலும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்த ஞாயிறும் அதையே செய்தாக வேண்டும், அதற்கடுத்த ஞாயிறும். ஜெபத்தில் நடிக்கப் பழகிவிட்டால், கதவைச் சாத்திக்கொண்டு சொந்தத் தமிழில் ஜெபிப்பதே கஷ்டமாகிவிடும். இப்படிச் சிக்கிக்கொண்டு, வெளியே சொல்லவும் முடியாமல் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் ஆவியில்லாதவரா என்ற கேள்விக்கும் நீட்டி முழக்கத் தேவையில்லை. இல்லை. "பரிசுத்த ஆவியினாலேயன்றி இயேசுவைக் கர்த்தரென்று ஒருவனும் சொல்லக்கூடாது" என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 12:3). வரங்களைப் பற்றி அவர் மூன்று அதிகாரம் எழுதுகிறார். அந்த மூன்றின் தொடக்கத்திலேயே இந்த வசனம் இருக்கிறது. யாருக்கு எந்த வரம் என்ற விவகாரம் பிறகுதான் வருகிறது.

இனி நோக்கம். நான் இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாடு கற்பித்தவன். அந்நியபாஷை பேசும் வரம் எனக்கு இல்லை. பேசுகிற மாணவர்கள் வகுப்பில் எப்போதும் இருந்தார்கள், அவர்களோடு வாதாடியும் ஜெபித்தும் கற்றுக்கொண்டது நிறைய. ஆகையால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் உங்கள் சபையில் நடப்பதாக நீங்கள் எழுதியிருப்பதில் சில விஷயங்கள் தவறு. அதை மழுப்பவும் மாட்டேன்.

ஆராதனையில் அந்நியபாஷை எதற்கு என்று வேதாகமத்தில் நேரடியாக விவாதிக்கும் இடம் ஒன்றுதான் உண்டு, 1 கொரிந்தியர் 14. அதைப் புரிந்துகொள்ள, பவுல் அந்தக் கடிதத்தை எழுதிய கொரிந்து சபையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த வியாபாரப் பட்டணம். ரோமர் அதை அழித்துப் போட்டிருந்தார்கள், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். வந்து குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை பேச முடியாதவர்கள் என்பதாலோ என்னவோ, பணம், பேச்சுத்திறன், பெரிய மனிதர் பழக்கம் என்று புதிதாகச் சம்பாதித்த பெருமைகளுக்கு அங்கே மவுசு அதிகம். பவுல் எபேசுவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 54-இல் இந்தக் கடிதத்தை எழுதுகிறார். அப்போது கோயில் கட்டடம் எதுவும் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சாப்பாடும் கர்த்தருடைய பந்தியும் ஒன்றாகவே நடக்கும்.

பதினோராம் அதிகாரத்தில் அந்தப் பந்தியைப் பற்றிய புகார் வருகிறது. வசதியானவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடே இருக்கிறார்கள். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார் பவுல். அதே வீடு, அதே ஆட்கள், அதே மாலை நேரம்தான் பதினாலாம் அதிகாரத்திலும். சாப்பாட்டில் அடுத்தவருக்காகக் காத்திருக்காதவர்கள் ஜெபத்திலும் காத்திருப்பதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஆரம்பிக்கிறார். யார் அதிக ஆவிக்குரியவர் என்ற போட்டி வேறு. இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால், பவுலுக்குக் கோபம் அந்நியபாஷை மேல் இல்லை, பக்கத்தில் இருப்பவரை மறந்துவிடுவதன் மேல்தான் என்பது தெரியும். ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது, கொரிந்தியருக்குப் பவுல் ஏற்பாடு செய்த காத்திருப்புக் கூட்டம் அதுதான் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. பெந்தெகொஸ்தே மாணவர்களும் சிரித்துவிடுவார்கள்.

அவர் சொல்லும் நோக்கம் இதுதான். அந்நியபாஷையில் பேசுகிறவன் மனுஷரிடத்தில் பேசவில்லை, தேவனிடத்தில் பேசுகிறான் (14:2). அது ஜெபம், துதி, ஸ்தோத்திரம். பேசுகிறவருக்கு அதனால் பக்திவிருத்தி உண்டாகிறது (14:4). இதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு மனுஷி கடவுள் முன்னால் பலப்படுவது சின்ன விஷயமா? பவுலே, உங்களெல்லாரிலும் நான் அதிகமாகப் பாஷைகளைப் பேசுகிறேன், அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, சபையிலே பதினாயிரம் வார்த்தைகளை அந்நியபாஷையில் பேசுவதைவிட, மற்றவர்களுக்கு உணர்த்தும்படி கருத்தோடே ஐந்து வார்த்தை பேசுவதே எனக்கு விருப்பம் என்றும் சொல்லிவிடுகிறார். தனியறையில் அளவு கிடையாது. சபைக்குள் வந்தால் அளவு உண்டு: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை என்றால், "சபையிலே பேசாமல், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன்" (14:28).

இதை வைத்து உங்கள் சபையின் ஞாயிறு காலையைப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், அர்த்தம் சொல்ல ஆளில்லாமல், மைக்கிலும். வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் "பைத்தியம்பிடித்தவர்கள் என்பார்களல்லவா?" என்று பவுல் கேட்கும் காட்சி இதேதான்.

பெந்தெகொஸ்தே நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்களிடமும் ஒரு பதில் உண்டு. பவுல் கட்டுப்படுத்துவது சபையைப் பார்த்துச் சொல்லப்படும் செய்தியை. நாங்கள் செய்வது சபையாகச் சேர்ந்து கடவுளைப் பார்த்துச் செய்யும் துதி. சீஷர்கள் மேல் ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எல்லோரும் ஒன்றாகத்தானே பேசினார்கள் என்பார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. அப்போஸ்தலர் 2-இல் அவர்கள் பேசியது தேவனுடைய மகத்துவங்களைத்தான். பிரசங்கம் செய்ய வேண்டிய நேரம் வந்தபோது பேதுரு ஒருவர்தான் எழுந்து, எல்லோருக்கும் விளங்கும்படி பேசினார். அதனால், துதி நேரத்தில் அவரவர் மெல்லிய குரலில் தங்கள் பாஷையில் கடவுளோடு பேசுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். மைக் விஷயம் வேறு. மைக்கைப் பிடித்தவர் சபையிடம் பேசுகிறார். கடவுளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது பாஸ்டருக்கும் தெரியும்.

அந்நியபாஷைகள் "அவிசுவாசிகளுக்கு அடையாளமாயிருக்கிறது" என்ற 22-ஆம் வசனத்தை யாராவது எடுத்து நீட்டுவார்கள். அது உரையாசிரியர்கள் எல்லோரையும் தலையைச் சொறிய வைக்கும் வசனம். ஏசாயா 28-இல் அசீரியப் படையின் புரியாத பேச்சு இஸ்ரவேலுக்கு நியாயத்தீர்ப்பாக வருவதை மேற்கோள் காட்டித்தான் பவுல் அதைச் சொல்கிறார். அதை அபிஷேகத்தின் அத்தாட்சியாகத் திருப்ப முடியாது, அவ்வளவு தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

சரி, அப்படியானால் "பாஷை பேசினால்தான் அபிஷேகம்" என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது?

1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம், டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹம் என்பவர் நடத்திய சிறிய வேதாகமப் பள்ளி. ஆவியின் அபிஷேகத்துக்கு வேதத்தின்படி அத்தாட்சி எது என்று மாணவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அன்று பாஷை பேசினார். அது சீன மொழி என்று நம்பினார்கள். பார்ஹமின் எதிர்பார்ப்பு வெளிப்படையானது: இனி மிஷனரிகள் மொழி கற்க வேண்டியதில்லை, ஆவியானவரே அந்தந்த நாட்டு மொழியைக் கொடுத்துவிடுவார். அவரிடம் ஹூஸ்டனில் பாடம் கேட்டவர் வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்தவர்களின் மகன். கறுப்பர் என்பதால் வகுப்புக்கு வெளியே கதவோரம் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சீமோர்தான் 1906-இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில், லாயமாகவும் பயன்பட்டிருந்த பழைய கட்டடம் ஒன்றில் எழுப்புதல் கூட்டங்களை நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழங்காலில் நின்றதே அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய செய்தி.

அங்கே பாஷை பெற்றவர்களில் ஆல்ஃபிரட் கார் என்ற போதகரும் அவர் மனைவி லில்லியனும் உண்டு. கார் தான் பேசியது வங்காளி என்று நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, குடும்பத்தோடு கப்பலேறி 1907 தொடக்கத்தில் கல்கத்தாவில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார், மிஷனரி வில்லியம் கேரி காலத்து லால்பஜார் பாப்திஸ்து ஆலயத்தில். கொஞ்ச நாளிலேயே உண்மை தெரிந்துவிட்டது. அவர் பேசியது வங்காளிகளுக்குப் புரியவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிப்பது இதற்குப் பிறகுதான். ஊருக்குத் திரும்பிப் போய் ஒளிந்துகொள்ளவில்லை, புரிந்ததாகப் பாசாங்கும் செய்யவில்லை. மிஷனரிகளிடம் ஆங்கிலத்தில் பேசினார். அதே ஆண்டு ஹாங்காங் போனபோது மோக் லாய் சி என்ற உள்ளூர் ஆசிரியர் மொழிபெயர்க்க, அவரை வைத்தே பிரசங்கித்தார். பாஷை என்பது பிரசங்கத்துக்குக் கொடுக்கப்பட்ட கருவி இல்லை, கடவுளிடம் செய்யும் ஜெபமும் துதியும்தான் என்று தன் போதனையையே மாற்றிக்கொண்டார். பவுல் எழுதிவைத்த இடத்துக்கு, கல்கத்தா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆனால் அத்தாட்சி என்ற பகுதி மட்டும் நிலைத்துவிட்டது. 1914-இல் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபை, 1916-இல் தன் விசுவாச அறிக்கையில் அதை எழுதிவைத்தது. அப்போஸ்தலர் 2, 10, 19 ஆகிய மூன்று இடங்களிலும் ஆவி இறங்கியபோது பாஷை பேசினார்கள் என்பது அவர்கள் ஆதாரம். எட்டாம் அதிகாரத்தில் சமாரியரும் ஆவியைப் பெற்றார்கள், அங்கே பாஷை பற்றிப் பேச்சில்லை. ஒன்பதில் பவுல் நிரப்பப்பட்டபோதும் இல்லை. "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் 12:30-இல் கேட்கிறார்; இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது. அபிஷேகத்தின் அடையாளம் வேறு, சபையில் பயன்படும் வரம் வேறு, பவுல் கேட்பது வரத்தை மட்டும்தான் என்று பெந்தெகொஸ்தே போதகர்கள் விளக்குவார்கள். படித்தவர்கள், பக்தியுள்ளவர்கள் சொல்லும் விளக்கம்தான். எனக்கு அது ஒட்டவில்லை, அந்தப் பிரிவினை அந்த அதிகாரத்துக்குள் இல்லாததால்.

இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை. அசெம்பிளிஸ் ஆஃப் காட் தலைவர்களில் ஒருவராக இருந்த எஃப். எஃப். பாஸ்வர்த், இந்த ஒரு காரணத்துக்காகவே 1918-இல் அந்தச் சபையை விட்டு விலகினார். அவரும் பாஷை பேசியவர்தான். சீமோரும் பிற்காலத்தில் பாஷையை மட்டும் அத்தாட்சியாகப் பிடித்துக்கொள்வதை விட்டு, அன்பின் கனி வேண்டும் என்ற பக்கம் வந்தார். நம் நாட்டிலேயே, புனேக்குப் பக்கத்தில் கேட்காவ்னில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில் 1905-இல் எழுப்புதல் தொடங்கி, அடுத்த ஆண்டு விதவைகளும் அநாதைப் பெண்களும் பாஷை பேசினார்கள். ரமாபாய் பேசவில்லை. பேசிய பெண்களை அவர் தடுக்கவும் இல்லை. அவருக்கு ஆவியில்லை என்று சொல்ல உங்கள் பாஸ்டருக்கு மனம் வருமா? கேட்டுப் பாருங்கள். (அந்த முக்தி எழுப்புதலைப் பற்றி அங்கே ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறு புத்தகம் தபாலில் சிலி நாட்டுக்குப் போய், அங்கே பெந்தெகொஸ்தே இயக்கம் பிறக்கவும் காரணமானது. எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நம் ஆட்கள் நினைப்பதால் சொல்கிறேன்.)

உங்களிடமும் ஒரு வார்த்தை. "வெறும் உளறல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

டொராண்டோவில் இருந்த வில்லியம் சமாரின் என்ற மொழியியல் அறிஞர் பல நாட்டு ஆராதனைகளைப் பதிவு செய்து ஆராய்ந்து 1972-இல் புத்தகமாக எழுதினார். அவர் கண்டது: பேசுகிறவரின் தாய்மொழியில் இருக்கும் ஒலிகள்தான் அந்நியபாஷையிலும் வருகின்றன, எளிய அசைகள் திரும்பத் திரும்ப வரும், மனித மொழிகளுக்குரிய இலக்கணம் அதில் இல்லை. பேசுகிறவர்கள் மனநிலை சரியில்லாதவர்கள் என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ நியூபெர்க் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து பெண்கள் பாஷை பேசும்போது மூளையைப் படமெடுத்தார்கள். நாமாகத் திட்டமிட்டுச் செய்யும் வேலைகளுக்குரிய முன்பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. ஐந்தே பேர், பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் "எங்களை மீறி வருகிறது" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை என்பதற்கு ஒத்துப்போகிறது. இதில் ஆவியானவர் இருக்கிறாரா என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது, இரு தரப்பும் இந்த ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவது வீண்.

இலக்கணம் இல்லாவிட்டால் அர்த்தமே இல்லை என்று ஆகிவிடாது. நாலாம் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகுஸ்தீன், ஒரு சங்கீதத்துக்கு விளக்கம் சொல்லும்போது, அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களைக் காட்டுகிறார். வார்த்தைகளோடு பாட ஆரம்பிப்பார்கள், சந்தோஷம் மிஞ்சியதும் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் குரலாகப் பாடுவார்கள். சொல்லுக்கு அடங்காத கடவுளை அப்படிப் பாடுவதே தகும் என்கிறார். நம் ஊரில் நடவு வயலிலும் கோயில் கொடையிலும் பெண்கள் போடும் குலவைக்கு அகராதியில் பொருள் தேட யாராவது போவார்களா? அகுஸ்தீன் அந்நியபாஷையை ஆதரித்தவர் இல்லை, அப்போஸ்தலர் காலத்துக்குரிய அடையாளம் அது, வந்து போய்விட்டது என்பதே அவர் கருத்து. உங்கள் தாய்வீட்டுச் சபையில் பலர் இன்றைக்கும் அதையே சொல்வார்கள், "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்" என்ற 13:8-ஐக் காட்டி. ஆனால் அது ஓய்வது நிறைவானது வரும்போது, முகமுகமாய்ப் பார்க்கும்போது என்று அதே பகுதி சொல்கிறது. நாம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லையே. "அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள்" என்றும் பவுல் எழுதியிருக்கிறார். உங்கள் பாஸ்டர் 28-ஆம் வசனத்தைத் தாண்டிப் போகிறார் என்றால், நம் சி.எஸ்.ஐ. ஆட்கள் 39-ஆம் வசனத்தைத் தாண்டிப் போகிறார்கள்.

இது உங்கள் தாய்வீட்டுப் பக்கத்துக்கும் அந்நியமானது இல்லை. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் திருநெல்வேலிச் சீமையில் 1810-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தார். 1840-களில் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கி, வெளிநாட்டு மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். 1860-இல் அங்கே எழுப்புதல் வந்தபோது சிலர் பாஷை பேசினார்கள், அதற்கு அர்த்தமும் சொன்னார்கள் என்று அவருடைய குறிப்புகளில் இருக்கிறது. அசூசா தெருவுக்கு 46 ஆண்டு முன்னால். அர்த்தமும் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

தாடையைப் பிடித்து அசைக்க இனி யாரையும் அனுமதிக்காதீர்கள். "அக்கா, கைவைக்காம ஜெபிங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஒருவருக்கும் பாஷை பேசப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. எருசலேமில் காத்திருந்தவர்கள் ஆவிக்காகக் காத்திருந்தார்கள், பாஷைக்காக இல்லை. ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்டிலோ, பேதுரு பிரசங்கத்தை முடிக்கும் முன்பே வந்துவிட்டது. யாரும் எதிர்பார்த்துக்கூட நிற்கவில்லை. ஒரே சொல்லை வேகமாகச் சொல்லச் சொன்னால் நாக்கு குழறத்தான் செய்யும். அதை அபிஷேகம் என்று சொல்லிக்கொடுப்பது, உண்மையாகவே அந்த வரம் பெற்றவர்களுக்குத்தான் முதல் அவமானம். காத்திருப்புக் கூட்டத்துக்குப் போக மனமிருந்தால் போங்கள், தமிழில் ஜெபியுங்கள். வராத எதையும் வரவழைக்க வேண்டாம். ஒருநாள் தானாக வந்தால் அதற்காகப் பயப்படவும் வேண்டாம்.

பாவத்தடை என்ற பேச்சை மனதில் வைத்து நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். கொரிந்தியர் எல்லா வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று பவுலே எழுதுகிறார். அதே கடிதத்தில் அவர்கள் நடுவே இருந்த வழக்குகளையும் விபசாரத்தையும் பந்திச் சண்டையையும் கண்டிக்கிறார். பாவம் இல்லாததால்தான் அவர்களுக்குப் பாஷை வந்தது என்று சொல்ல முடியாது.

பாஸ்டரிடம் பேசுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. ஆராதனை முடிந்த கையோடு வேண்டாம். வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். வேதாகமத்தைத் திறந்து 12:30-ஐயும் 14:28-ஐயும் வாசித்து, "இதை நாங்க எப்படிப் புரிஞ்சுக்கணும், பாஸ்டர்?" என்று மட்டும் கேளுங்கள். சார்லஸ் பார்ஹம், சீமோர் என்றெல்லாம் என் பதிலை அங்கே எடுத்துப்போய் வாசிக்க வேண்டாம், அவருக்கு அது தன் மேல் விழுந்த அடியாகத் தெரியும். பாட்டுக் குழு விஷயம் சபை விதியாக எழுதப்பட்டிருந்தால், அது அவர்கள் வீட்டு ஒழுங்கு. வருத்தமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் இரட்சிக்கப்படவில்லை என்று சொல்லி, கர்த்தருடைய பந்தியிலிருந்தும் ஒதுக்கினால் அது வேறு விஷயம். அப்போது நீங்களும் கணவரும் வேறு சபையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் சண்டையாக்காதீர்கள்.

மகளைக் கிண்டல் செய்யாதீர்கள், அதட்டவும் வேண்டாம். நிதானமான ஒரு நேரத்தில், "அப்ப உனக்கு எப்படிடா இருந்துச்சு?" என்று கேளுங்கள். சந்தோஷமாகவும் அமைதியாகவும் இருந்தது என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். எல்லோரும் பேசினார்கள், பேசாவிட்டால் மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன் என்றால், இனி பயப்படத் தேவையில்லை, நின்றுபோனாலும் கடவுள் உன்னை விட்டுப் போய்விடமாட்டார் என்று சொல்லிக்கொடுங்கள். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரோ கட்டளையிடும் குரல் கேட்கிறது என்கிற அளவுக்குப் போனால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள், தாமதிக்காதீர்கள். அம்மாவுக்கு ஆவியில்லை என்று யாராவது பிள்ளையிடம் சொல்லியிருந்தால், அதை மட்டும் பாஸ்டரிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேள்வியாக எதுவும் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அவரைப் பற்றியதுதான். விடியற்காலையில், தனியாக, மைக் இல்லாமல். பவுல் சொன்ன இடத்தில், சொன்ன விதத்தில் ஜெபிக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். எப்போது முதல் வந்தது, என்ன கஷ்டத்தில் வந்தது, பேசி முடித்ததும் மனசு எப்படி இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று அவர் எதிர்பார்த்தும் இருக்கலாம். கூட உட்கார்ந்து ஜெபிக்கக் கூப்பிட்டால் போங்கள். அவர் பாஷையில் ஜெபிக்கும் இடத்தில் நீங்கள் பேசாமல் இருக்கலாம், புரியாத ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்வது என்று பவுலே கேட்கிறார். அப்புறம் அவர் தமிழுக்கு வந்து, பேரப்பிள்ளைக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிப்பாரே, அங்கே ஆமென் சொல்லுங்கள்.